வீட்டு ஆய்வறிக்கையில் 43 குறைகள்: விற்பவரிடம் எதைக் கேட்பது, எதை விடுவது?

#1 நிலைவாசல்

வாங்கப் பேசி முன்பணம் கொடுத்த வீட்டின் ஆய்வறிக்கை வந்துவிட்டது. மொத்தம் 43 குறைகள். ஒப்பந்தப்படி திருத்தம் கேட்க இன்னும் 6 நாள் இருக்கிறது. பெரிதாகத் தெரிபவை ஐந்து:

மாடிக் குளியலறைக்கு நேர் கீழே கூரையில் ஈரக்கறை. பால்கனியின் அடிப்பக்கம் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. படுக்கையறை ஒன்றில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். சமையலறையில் இரண்டு சாக்கெட்டில் எர்த் இல்லை. கீழ்த்தளச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது.

மீதி 38-ம் கதவு இழுபடுகிறது, கைப்பிடி ஆடுகிறது, டைல் ஓரம் உடைந்திருக்கிறது என்கிற ரகம். "பட்டியலை அனுப்புங்க, எங்க ஆளை வெச்சு எல்லாத்தையும் சரி பண்ணிக் கொடுத்துடறோம்" என்கிறார் விற்பவர். சரி என்று சொல்லிவிடலாமா, விலையில் குறைக்கச் சொல்வதா?

#2 ரசமட்டம்

அந்த "எல்லாத்தையும் சரி பண்ணிக் கொடுத்துடறோம்" என்பதற்கு மட்டும் இப்போதே தலையாட்டிவிடாதீர்கள். விற்பவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. சில வாரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறவர் அவர். கூரையில் இருக்கும் கறை போனால் அவருக்கு வேலை முடிந்தது. கறைக்கு மேலே இருக்கும் கசிவு நின்றால்தான் உங்களுக்கு முடிந்தது. கறையைச் சுரண்டி, பட்டி போட்டு, இரண்டு கோட் பெயிண்ட் அடித்தால் கைமாறும் நாளில் பளிச்சென்று இருக்கும்.

38 சின்னக் குறைகளையும் கோரிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை உள்ளே இருந்தால் பேச்சு எப்படிப் போகும் தெரியுமா? கைப்பிடியை முடுக்கி, தாழ்ப்பாளை மாற்றி, "43-ல் 38 முடித்தாயிற்று, மிச்சம் ஐந்துதானே, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்பார்கள். அந்த ஐந்துதான் வீடு.

#3 தூக்குக்குண்டு

ரசமட்டம் சொல்வதில் ஒரு திருத்தம். 38-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு தள்ள வேண்டாம். இழுபடும் கதவு எந்த அறையில் இருக்கிறது? விரிசல் விழுந்த அதே அறை என்றால் அது சின்னக் குறை இல்லை, விரிசலுக்குச் சாட்சி. சுவரில் ஏதோ அசைந்து, நிலைச்சட்டம் சதுரம் கெட்டிருக்கலாம். கதவுக்கும் நிலைக்கும் இடையே மேல் இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் 2 மி.மீ., மறுபக்கம் 7 மி.மீ. என்று ஆப்பு மாதிரி இருந்தால் நிலையே சாய்ந்திருக்கிறது. இடைவெளி சீராக இருந்து கதவு மட்டும் ஒட்டினால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கும், அதை விட்டுவிடலாம்.

விரிசலுக்கு: அகலம் 1 மி.மீ.க்குள், பூச்சில் மட்டும் என்றால் பயமில்லை. 5 மி.மீ.யை நெருங்கினால் பொறியாளர் பார்க்காமல் பேச்சு வேண்டாம். சுவரின் மறுபக்கத்திலும் அதே இடத்தில், அதே சாய்வில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சுவரையே கடந்து போயிருக்கிறது. செங்கல் இணைப்பு வழியாகப் படிக்கட்டு மாதிரி இறங்கினால் அஸ்திவாரத்தில் ஒரு பக்கம் அமிழ்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த மூலைக்கு வெளியே மழைநீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது என்றும் பாருங்கள். சுவரடியிலேயே கொட்டினால் பாதிக் காரணம் அங்கே கிடக்கிறது.

விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். 6 நாளில் அது நகர்வது தெரியாது. ஆனால் அதற்குள் யாராவது பூசி மறைத்தால் அந்தப் படம் பேசும்.

#4 ஈரச்சுவர்

ஈரக்கறைக்கு மூன்று ஊற்றுக்கண் இருக்கலாம்: தண்ணீர் வரும் குழாய், தண்ணீர் போகும் குழாய், தரை. எது என்று தெரியாமல் கேட்டால் தப்பான ரிப்பேர்தான் கிடைக்கும். விற்பவரிடம் அனுமதி வாங்கி, எதையும் உடைக்காமல், இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்து வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் வரும் குழாயில் கசிவு. ஒரு எச்சரிக்கை: கழிப்பறைத் தொட்டி உள்ளுக்குள்ளேயே ஒழுகினாலும் மீட்டர் ஓடும். தொட்டியில் கொஞ்சம் சாயம் போட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணாமல் விடுங்கள். பீங்கானில் நிறம் இறங்கினால் கோளாறு தொட்டியில். வீட்டில் மீட்டரே இல்லை என்றால் பிளம்பர் அழுத்தமானியைப் பூட்டிப் பார்க்கலாம்.

மீட்டர் நகரவில்லையா? அடுத்தது தரை. தரை வடிகால் வாயை ரப்பர் மூடியால் அடைத்து 25 மி.மீ. தண்ணீர் தேக்குங்கள். சுவரில் டேப் ஒட்டி மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். சதுர மீட்டருக்கு 25 கிலோதான் பாரம். ஆனால் கீழே கூரை தொங்கிப்போயோ கான்கிரீட் பெயர்ந்தோ இருந்தால் இதைச் செய்யாதீர்கள். மூடிய குளியலறையில் ஒரு நாளில் ஆவியாவது ஒன்றிரண்டு மி.மீ. அதற்கு மேல் இறங்கி, கீழே கறையும் நனைந்தால் தரையின் நீர்க்காப்பு போய்விட்டது, அல்லது குழாய் தரையைத் துளைக்கும் இடத்தில் ஒழுகுகிறது.

கீழே ஈரம் வராவிட்டால் அடைப்பைத் திறந்து தண்ணீரை ஒரே மூச்சில் விடுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் கறை நனைந்தால் போகும் குழாயின் இணைப்பு. அதுவும் இல்லையென்றால் ஷவரைச் சுவர் டைல் மேல் மட்டும் 20 நிமிடம் பீய்ச்சிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டால் எதில் ஒழுகியது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதெல்லாம் எதற்கு என்றால், விற்பவர் தரப்பு பிளம்பர் வந்து டைல் இடுக்கில் வெள்ளைக் கிரவுட் போட்டுவிட்டு "அடைச்சாச்சு" என்பார். கிரவுட் தண்ணீரைத் தடுக்காது. தடுப்பது டைலுக்கு அடியில் இருக்கும் நீர்க்காப்புப் படலம். கிரவுட் சில மாதம் கசிவைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். படலம் போயிருந்தால் டைலையும் அடிக் கலவையையும் எடுத்து, குழாயைச் சுற்றிச் சுருங்காத கலவை நிரப்பி, படலத்தை இரண்டு கோட் அடித்து, சுவரில் குறைந்தது 150 மி.மீ., ஷவர் பக்கம் 1800 மி.மீ. வரை ஏற்றி, டைல் ஒட்டுவதற்கு முன்பே 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும்.

#5 ரசமட்டம்

பால்கனி பற்றி யாரும் தொடவில்லை. உயிர்ப் பிரச்சினை அதுதான், நான் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வாளர் கீழே நின்று பார்த்திருக்கிறார், அடியில் துருவைப் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்து நீட்டியிருக்கும் பால்கனிக்குப் பாரத்தைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் இருக்கும். பலகை கீழே வளைய முயலும்போது இழுபடுவது மேல்பரப்புதான். எனவே மேலே ஏறி, சுவரை ஒட்டினாற்போல் சுவருக்கு இணையாக விரிசல் ஓடுகிறதா, அங்கே தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். அந்த விரிசல் இருந்தால் யாரையும் அதன்மேல் நிற்கவிடாதீர்கள். அடியில் முட்டுக்கொடுத்து, கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்து வராமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் கான்கிரீட் பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் மட்டும் சிமெண்ட் அப்பினால் ஒன்றிரண்டு வருடத்தில் அதன் ஓரத்தில் திரும்பவும் பெயரும். முறையான வேலை இப்படி: சுத்தியலால் தட்டி, பொள்ளென்று சத்தம் வரும் பகுதி முழுவதும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, அதாவது 20 மி.மீ. இடைவெளி வேண்டும். துருவில்லாத கம்பி தெரிகிற வரை நீளவாக்கில் கொத்திப் போக வேண்டும். பிறகு துருவை உலோகம் தெரியத் தேய்த்து, கம்பியின் விட்டத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். குறுக்குவெட்டில் கால்வாசி போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். அதன்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிணைப்புப் பூச்சு, பாலிமர் கலவை. கடைசியாக மேல்பக்கம் தண்ணீர் நிற்காமல் சரிவும் நீர்க்காப்பும். அடியை மட்டும் சரிசெய்து மேலே தண்ணீர் தேங்கவிட்டால் காரணம் அப்படியே இருக்கிறது.

#6 மின்கம்பி

எர்த் இல்லாத சாக்கெட்டில் ஒரு குறுக்குவழி உண்டு, அது ஆளைக் கொல்லும். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டுவிடுவது. செருகிப் பார்க்கும் சோதனை விளக்கு "சரி" என்று காட்டும். வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் மிக்ஸி, ஃபிரிட்ஜ் உடம்பெல்லாம் மின்சாரம் ஏறி நிற்கும். ஆகவே "எர்த் கொடுத்தாயிற்று" என்ற சொல் போதாது. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனின் அளவுகள் எழுத்தில் வேண்டும். சாக்கெட் எர்த் முனையிலிருந்து பிரதான எர்த் பட்டை வரை தொடர்ச்சி. நியூட்ரலை மின்பெட்டியில் கழற்றிய நிலையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இணைப்பே இல்லை என்ற அளவு. 500 வோல்ட்டில் ஒயர் உறையின் காப்புத்தடை 1 மெகாஓமுக்குக் குறையாமல். 30 மில்லிஆம்பியர் மின்கசிவுக்காப்பு சுவிட்ச் (RCCB) 300 மில்லிவிநாடிக்குள் விழுகிறது என்ற அளவு.

பெட்டியைத் திறக்கும்போது பிரேக்கரையும் ஒயரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் போட்டிருந்தால் பிரேக்கர் விழுவதற்கு முன்பே ஒயர் வெந்துவிடும்.

#7 கிரயப்பேச்சு

பணமா ரிப்பேரா என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு குறையையும் தனியாக எடுத்து இப்படிக் கேளுங்கள்: செய்து முடித்ததை ஒரு மணி நேரத்தில் சோதித்துப் பார்க்க முடியுமா? முடிந்தால் விற்பவரே செய்யட்டும். ஒரு மழைக்காலம் போனால்தான் தெரியுமா? பணமாக வாங்கிக்கொண்டு, நீங்கள் நம்பும் ஆளை வைத்து நீங்களே செய்யுங்கள். சாக்கெட் எர்த் முதல் வகை. குளியலறைத் தரை, பால்கனி, உப்புச் சுவர் எல்லாம் இரண்டாவது.

பணத்திலும் இரண்டு வகை. விலையைக் குறைப்பது ஒன்று. விலை அப்படியே இருக்க, கைமாறும் நாளில் விற்பவர் கணக்கிலிருந்து ஒரு தொகையை உங்களுக்குக் கழித்துத் தருவது இன்னொன்று. 80 சதவீதம் கடனில் வாங்குகிறீர்கள் என்றால், விலையில் 10 பங்கு குறைந்தாலும் உங்கள் கையிலிருந்து போவதில் 2 பங்குதான் மிச்சம். மீதி 8 பங்கு கடனில் குறைந்து, மாதத் தவணையில் சிறிதளவாகக் கரைந்துவிடும். பால்கனியை முதல் மாதமே கொத்தப்போகிறவருக்குக் கையில் ரொக்கம் வேண்டும். அதற்கு இரண்டாவது வழிதான் சரி. ஆனால் கடன் கொடுப்பவர் அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கலாம். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அவருக்குத் தெரியாமல் பக்கத்தில் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம், கடன் விண்ணப்பத்தில் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

#8 தூக்குக்குண்டு

எல்லாவற்றுக்கும் பணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். பால்கனி ஆபத்து என்று கடன் கொடுப்பவர் அனுப்பும் மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால், சரிசெய்யாமல் கடனே விடுவிக்கப்படாமல் போகலாம். அப்போது விற்பவர் செய்துதான் ஆக வேண்டும். கைமாறிய பிறகு செய்யும் அளவுக்கு வாங்குபவரிடம் நேரமோ ரொக்கமோ இல்லாமலும் இருக்கலாம்.

#9 கிரயப்பேச்சு

ஒப்புக்கொள்கிறேன். அப்படி வந்தால் வேலையின் அளவை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் ஆளை அவர் தேர்ந்தெடுக்கலாம். "பால்கனியை முறையாகச் சரிசெய்து தர வேண்டும்" என்று எழுதினால் எந்த வேலையும் அதற்குள் அடங்கிவிடும். இப்படி எழுதலாம்:

"பால்கனி அடிப்பகுதியில் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் கான்கிரீட் முழுவதையும், கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. வரை நீக்க வேண்டும். துரு நீக்கிய கம்பிகளை, மூடுவதற்கு முன், வாங்குபவர் நியமிக்கும் பொறியாளர் பார்த்து எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். கம்பி சேர்ப்பதும் கலவையின் வகையும் அவர் எழுத்துப்படி. மேற்பரப்புச் சரிவும் நீர்க்காப்பும் இதில் அடங்கும். உரிய அனுமதி, ரசீது, உத்தரவாதப் பத்திரம் ஆகியவை கைமாறும் தேதிக்கு 7 நாள் முன் தரப்பட வேண்டும். உத்தரவாதம் வாங்குபவர் பெயருக்கு மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும்."

"மூடுவதற்கு முன்" என்ற சொல்தான் இதில் உயிர். பூசி முடித்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

#10 ஈரச்சுவர்

உப்புப் பூத்த சுவருக்கு நான் கேட்பது தலைகீழானது. விற்பவர் அதைத் தொடக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். அவர் சிமெண்டில் பூசி, பட்டி போட்டு, எமல்ஷன் அடித்துவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருப்பது இடுப்புக்கு வரும். நீங்கள் பார்க்கும்போது சுவர் சுத்தமாக இருக்கும்.

வெளியே போய்ப் பாருங்கள். சுவருக்குள் இருக்கும் ஈரத்தடுப்பு அடுக்குக்கு 150 மி.மீ. கீழே வெளித்தரை இருக்க வேண்டும். பிற்பாடு மண் கொட்டியோ, தளக்கல் பதித்தோ உயர்த்தியிருந்தால் அடுக்கைத் தாண்டி ஈரம் உள்ளே போகும். அந்த மண்ணை வெட்டி எடுப்பதே பெரிய பாதி வைத்தியம். அளவுக்கு ஊசி முனை ஈரமானியை வைத்து ஏமாற வேண்டாம். மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் என்றால் உளுத்துப்போகும் அபாயம் என்று கொள்ளலாம், உப்பேறிய பூச்சிலோ அது எப்போதும் அதிகமாகவே காட்டும்.

#11 நிலைவாசல்

அனைவருக்கும் நன்றி. மூன்று நாள் வேலை. மீட்டர் நகரவில்லை. தேக்கிய தண்ணீர் 9 மணி நேரத்தில் 6 மி.மீ. இறங்கியது, கீழே கறை நனைந்தது. பால்கனி மேற்பரப்பில் விரிசல் இல்லை, ஆனால் சுவரோரம் தண்ணீர் நிற்கிறது. இழுபடும் கதவு விரிசல் அறையில்தான்; மேல் இடைவெளி ஒரு பக்கம் 3, மறுபக்கம் 6. விரிசல் 2 மி.மீ., வெளியிலும் தெரிகிறது. வெளிமூலையில் மழைநீர்க் குழாய் தரைக்கு ஒரு அடி மேலேயே முடிந்துவிடுகிறது. பொறியாளர் வர 8 நாள் ஆகுமாம். கெடு 3 நாளில் முடிகிறது. விற்பவர் ஃபோனில் "பரவாயில்லை, பொறியாளர் வரட்டும், பார்த்துக்கலாம்" என்றார்.

#12 கிரயப்பேச்சு

"பார்த்துக்கலாம்" கெடு நீட்டிப்பு ஆகாது. கெடு தாண்டினால் திருத்தம் கேட்கும் உரிமையும், முன்பணத்தோடு விலகும் உரிமையும் சேர்ந்து போகலாம். இன்றே புதுத் தேதி குறிப்பிட்ட நீட்டிப்புத் தாளில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். முழு அறிக்கைக்கும் நீட்டிப்பு கேட்டால் தயங்குவார். விரிசல், பால்கனி இரண்டுக்கு மட்டும் கேளுங்கள். மீதி மூன்றுக்கான கோரிக்கையைக் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். அவர் நீட்டிப்புக்குச் சம்மதிக்காவிட்டால் ஐந்தையும் சேர்த்து, விரிசலுக்கு "பொறியாளர் அறிக்கைக்கு உட்பட்டு" என்று எழுதி, உங்கள் வழக்கறிஞர் வழியாக அனுப்புங்கள்.

அறிக்கை முழுவதையும் அனுப்பத் தேவையில்லை. ஐந்து குறைக்குரிய பக்கம், தண்ணீர் தேக்கிய படம், கொட்டேஷன் போதும். அறிக்கையை அவர் கேட்காமலே கொடுக்கக் கூடாது என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும், அதையும் பாருங்கள். ஒருமுறை குறை அவருக்கு எழுத்தில் தெரிந்துவிட்டால், பல இடங்களில் அடுத்து வாங்க வருபவரிடமும் அதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் விலகினாலும் அந்தக் குறை அவரோடுதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம்.

#13 ரசமட்டம்

கொட்டேஷன் இரண்டு வாங்குங்கள், இரண்டும் ஒரே வேலைப் பட்டியலுக்கு இருக்கட்டும். ஒருவர் டைல் உடைப்பதிலிருந்து குப்பை அள்ளுவது, புது டைல், கீழ்க்கூரைப் பெயிண்ட் வரை போட்டிருப்பார்; இன்னொருவர் நீர்க்காப்பு மட்டும் போட்டிருப்பார். விற்பவர் சின்னத் தொகையைக் கையில் பிடித்துக்கொள்வார். பால்கனிக்கு மொத்தத் தொகையோடு, கூடுதல் கம்பிக்கு மீட்டருக்கு என்ன விலை என்றும் எழுதி வாங்குங்கள். கொத்தாமல் எவ்வளவு துரு என்று யாருக்கும் தெரியாது.

#14 நிலைவாசல்

பால்கனியைக் கைமாறிய பிறகு செய்வதாக வைத்தால், கொத்தும்போது செலவு ஏறினால் யார் பொறுப்பு?

#15 கிரயப்பேச்சு

அதற்குத்தான் நிறுத்திவைப்புத் தொகை. விற்பவருக்குப் போக வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை நடுநிலையான மூன்றாம் ஆள் வைத்திருப்பார். பெரிய கொட்டேஷனைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு கேளுங்கள். ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்: வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், முடிந்தது என்று சொல்வது யார், மிச்சம் யாருக்கு, பற்றாக்குறை யாருக்கு. கடன் கொடுப்பவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். விற்பவர் பற்றாக்குறையை ஏற்க மறுத்தால் ஒன்றரை மடங்கில் உறுதியாக நில்லுங்கள்.

விரிசல் மட்டும் வேறு. பொறியாளர் அஸ்திவாரம் இன்னும் அமிழ்கிறது என்று எழுதினால் எந்தத் தொகையும் கணக்குக்கு வராது. அப்போது விலகுவதா வேண்டாமா என்பதை அறிக்கை வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

#16 மின்கம்பி

கைமாறுவதற்கு மூன்று நான்கு நாள் முன் கடைசியாகப் பார்க்கப் போகும்போது, அதே ஆய்வாளரையோ எலக்ட்ரீஷியனையோ கூட்டிப்போங்கள். அதே நாள் வேண்டாம், குறை தெரிந்தாலும் பேச நேரம் இருக்காது. இரண்டு சாக்கெட்டையும் கழற்றி உள்ளே பச்சை ஒயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

#17 தூக்குக்குண்டு

சுத்தியல், ஸ்கேல், நீங்கள் முன்பு எடுத்த படங்கள் மூன்றும் பையில் இருக்கட்டும். பென்சில் கோடு அதே இடத்தில் இருக்கிறதா, உப்புச் சுவரில் புதுப் பெயிண்ட் வாடை வருகிறதா என்று முதலில் பாருங்கள். மழைநீர்க் குழாய்க்கு ஒரு வளைவும் இரண்டு மீட்டர் நீட்டிப்பும் மாட்டச் சொல்லி இப்போதே கேட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலை, விற்பவர் தயங்காமல் செய்வார். பொறியாளர் வரும்வரை அந்த மூலையில் தண்ணீர் இறங்காமல் இருக்கும்.